லயத்துப் பாட்டு – 6: சம்பள நாள் மாலை

சென்ற வாரம் அவனைப் பிரட்டுக்களத்துக்குக் கீழே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். மடியில் சம்பளக் காசு. மேலே ஏறினால் தொழிலாளர் குடியிருக்கும் லயம். கீழே இறங்கினால் கடைவீதி, அதன் கோடியில் தவறணை என்ற சாராயக் கடை. அவன் எந்தப் பக்கம் திரும்பினான்?

பதிலுக்கு முன் அவன் மடியில் இருந்த காசை எண்ணிவிடுவோம். ஆண்டு 1929. இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் நிறைவேறி, அதன்படி வகுத்த கூலி அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் கணக்கு, விழுந்தால்தான். கொழுந்து குறைந்தாலோ, காலையில் பிரட்டுக்குப் பிந்தினாலோ அரைப் பேர். மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் அரிசிக் கழிவு முதலில் நிற்கும். அதற்குப் பின்னால் கங்காணியின் பழைய கடன். எல்லாம் போக மிஞ்சியதே சம்பளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் மடியில் இருந்தது அவனுடைய கூலி மட்டுமில்லை. மனைவியின் பேருக்கு விழுந்த காசையும் கணவனே வாங்குவது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. காலை முதல் மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, கூடை நிறைத்தவள் அவள். அவள் உழைப்புக்கான காசும் அவன் மடியில்தான் கிடந்தது.

அவன் கீழே இறங்கினான்.

இந்த ‘அவன்’ ஒரு தனி ஆள் இல்லை. அந்தக் காலத்துப் பதிவுகளும் தோட்டத்துப் பாட்டுகளும் சேர்ந்து நமக்குக் காட்டும் உரு. நூறு ஆண்டுகளாக அவனைக் ‘குடிகாரக் கூலி’ என்று துரைமார் எழுதினார்கள். கங்காணி ஏசினான். தலைவர்கள் புத்தி சொன்னார்கள். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தி, மலைநாட்டுத் தொழிலாளர் கூட்டங்களிலும் குடியை விடுங்கள் என்றே கேட்டுக்கொண்டார். ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. ஊரும் உறவும் இல்லாத இந்தக் காட்டு மலையில், லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், அந்தக் கடையைக் கொண்டுவந்து வைத்தது யார்?

✽

தோட்டத்தை விட்டு இறங்கிக் கடலோரத்துக்குப் போனால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறை வரையிலான தென்மேற்குக் கரையில் தென்னங்கள்ளைக் காய்ச்சிச் சாராயம் எடுத்தார்கள். அதை விற்கும் உரிமையைப் பிரிட்டிஷ் அரசு பகுதி பகுதியாக ஏலம் விட்டது. அதிகத் தொகைக்கு எடுத்தவர் அந்தப் பகுதி முழுவதற்கும் குத்தகைக்காரர். வேறு எவரும் அங்கே சாராயம் விற்கக் கூடாது. அரசுக்கு முன்கூட்டியே தொகை உறுதி. குத்தகைக்காரர் கட்டிய தொகையை மீட்க வேண்டுமானால் விற்பனை கூட வேண்டும், விற்பனை கூடக் குடிப்பவர் கூட வேண்டும். கையில் காசு புழங்கும் மனிதர்கள் திரளாக இருந்த இடம் எது? கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த கண்டிச் சீமைதான்.

வண்டி வண்டியாகப் பீப்பாய்கள் மலையேறின.

மொறட்டுவையின் ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிப் பகுதியின் சாராயக் குத்தகையில் வளர்ந்தவர். பழைய அரசர்களின் தோட்டமாக இருந்த ஹங்குராங்கெத்தை நிலத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டு, இலங்கையரில் பெருந்தோட்டம் வைத்த முதல் சிலரில் ஒருவரானார். அவர் குடும்பம் பின்னாளில் செய்த தருமங்கள் பல. அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இலங்கையின் புதிய செல்வர் வர்க்கத்தின் முதல் மூலதனங்களில் ஒன்று சாராயக் குத்தகை என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். அந்த மூலதனத்தின் ஒரு பங்கு லயத்துக் காம்பராவில் பிள்ளைக்கு இல்லாமல் போன அரிசி என்று நான் எண்ணுகிறேன். இதை மிகை என்று நினைப்பவர்கள், தோட்டத்துக் கூலியையும் குத்தகைத் தொகைகள் ஏறிய வேகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

மேலே குளிர்ந்த நுவரெலியாவில் துரைமாரின் குடி வேறு பாதையில் வந்தது. சாமுவேல் பேக்கர் 1849இல் அங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ் பெற்றாரே, அதே பேக்கர்தான். 1876இல் ஹில் கிளப் எழுந்தது. கொழுந்து மலையில் தனியாக, பேச்சுத் துணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைகளும் குடித்து அழிந்தார்கள். அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தனிமை எல்லா நிறத்து உடம்பையும் தின்றது. வேறுபாடு பின்விளைவில் இருந்தது. துரைக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். தொழிலாளிக்கு அரைப் பேர் போட்டார்கள்.

மதுவிலக்கு இயக்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1904இல் ஓர் அலை. 1912இல் அரசு கலால் முறையை மாற்றிக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தனித்தனிக் கடை வகுத்தபோது இன்னும் பெரிய அலை. சேனாநாயக்க சகோதரர்கள், டி. பி. ஜயதிலக்க போன்றோர் பொதுவாழ்வில் முன்னுக்கு வந்த மேடையே அதுதான். நாட்டின் அரசியலையே திருப்பிய அந்த இயக்கம் பெரும்பாலும் சிங்கள பௌத்த ஊர்களின் இயக்கமாக இருந்தது. தோட்டத்து வாசலில் அது நின்றுவிட்டது. அனுமதியில்லாமல் வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. உள்ளே இருந்தவனுக்காக எவரும் மேடை போடவில்லை.

தவறணை மட்டும் வாசல் வரைக்கும் வந்தது.

✽

அங்கே அவன் எதை மறக்கப் போனான்? இந்தக் கேள்விக்கு ஏட்டில் விடை இல்லை.

தோட்டத்து நோய்களை அரசும் கம்பனிகளும் எண்ணவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எண்ணினார்கள். 1916இல் ராக்பெல்லர் அமைப்பின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. மலம் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கக்கூஸ் கட்டச் சொன்னார்கள். இரத்தம் குன்றிய கூலியால் வேலை குறைகிறது என்பது துரைமாருக்கும் விளங்கியது. வயிற்றில் இருந்த புழுவுக்குக் கணக்கு வந்தது. நெஞ்சில் இருந்த பாரத்துக்குக் கணக்கு வரவில்லை.

அந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்பதை இந்தத் தொடரின் முதல் அத்தியாயங்களில் பார்த்தோம். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்தவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். நின்று அழ நேரமில்லை. அழாமல் வந்த அந்தத் துக்கம் லயத்துக்குள் புகுந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒரே அடுப்புப் புகையில், ஒரு தலைமுறை அதைச் சொல்லாமல் வைத்திருந்தது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. ‘துண்டு’ என்ற அந்தக் கடன் சீட்டு முறை 1921 வரை சட்டப்படி உயிரோடிருந்தது. ஊருக்குத் திரும்பவும் முடியாது, இங்கே வேர் பிடிக்கவும் முடியாது.

சொல்லாத துக்கம் உடம்பில் ஏறும். ஒருத்தி கொழுந்து மலையில் திடீரென்று கூடையைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள். ஒருவன் மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் குந்தியிருப்பான். பேய் பிடித்தது என்பார்கள். கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். உடுக்கடித்து, குறி சொல்லி, சேவல் அறுத்து, முனியை இறக்குவார்கள். பல நேரம் அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலும் கிடைத்தது. தன் துயரத்தைப் பேயின் வாயால் ஒரு மருமகள் சொல்லலாம், மாமியார் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கும் மேலே போனால் கொழும்பு. மனநோயாளருக்கான பெரிய மருத்துவமனை 1926இல் அங்கொடையில் வந்தது. அன்று முதல் அந்த ஊர்ப் பெயரே நாடு முழுக்க ஏச்சாகிவிட்டது. அங்கொடைக்குப் போனவர் என்ற பேர் விழுந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஆகவே மறைத்தார்கள். மறைத்ததைக் கரைக்கச் சாராயம் இருந்தது.

இங்கேதான் பாட்டு வருகிறது.

மறைத்ததைப் பாட்டில் சொல்லும் காரியம் மேற்கே மிகப் பின்னால் நடந்தது. 1969இல் ஜான் லெனன், ஹெரோயினை விட்டபோது உடல் பட்ட பாட்டையே ‘கோல்ட் டர்க்கி’ என்று ஒரு ராக் பாட்டாக்கினார். கிட்டார் வாசித்த எரிக் கிளாப்டன் சில ஆண்டுகளில் தானும் அதே பழக்கத்தில் விழுந்து எழுந்தவர். 1975இல் பிங்க் ஃபிளாய்ட் குழு, மனம் சிதைந்து தங்களை விட்டு விலகிய நண்பன் சிட் பாரெட்டை எண்ணி ஒரு நீண்ட பாட்டைப் பதிவு செய்தது. போதையையும் பிறழ்ந்த மனத்தையும் மறைக்காமல் பாடலாம் என்று ஒரு தலைமுறை அப்போது கற்றுக்கொண்டது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தேயிலை மலைச்சரிவில் பெண்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒலிவாங்கி இல்லை, இசைத்தட்டு இல்லை, பாட்டின் கீழே பெயரும் இல்லை.

எங்கே பாடினார்கள்? கொழுந்து மலையில் நிரை பிடித்துப் பறிக்கையில், கங்காணி எட்டத்தில் இருந்தால் பாடினார்கள். தொட்டிலாட்டுகையில் பாடினார்கள். தாலாட்டைக் கேட்பது குழந்தை என்று ஆண்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கட்டும் என்று பாடியது. குடித்துவிட்டு வந்த கணவனைப் பற்றிய முறையீடு தாலாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சாவு வீட்டில் ஒப்பாரிக்குத் தடை இல்லை. இறந்தவரைப் புலம்புவது போலத் தன்னையே புலம்பிக்கொள்ளலாம். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்துபோக ரதி தலைவிரித்து அழுவாள். தப்பின் அடிக்கு நடுவே, ரதி வேடம் கட்டிய ஆணின் குரலில், லயமே உட்கார்ந்து அழும். ஆண்கள் வெட்கமில்லாமல் அழுத ஒரே இரவு அதுவாக இருந்திருக்கும்.

காடு அழித்துக் கோப்பி நட்ட ஒரு மலையைக் கைகாட்டி, அங்கேதான் என் அண்ணனைப் பறிகொடுத்தேன் என்று ஒரு தங்கை சொல்லும் பாட்டு உண்டு. மலையகத்தில் அது தெரியாதவர் குறைவு. அதில் ஒப்பனை இல்லை, ஆறுதல் இல்லை, தேதியும் இல்லை. மலை மட்டும் இருக்கிறது. காய்ச்சலா, விபத்தா, வேறென்ன என்று அவள் சொல்வதில்லை. துரைமார் எழுதாமல் விட்ட சாவுப் பதிவேட்டின் ஒரு பக்கம் அந்தப் பாட்டு. தோட்டத்து மக்களின் முதல் மனநலப் பதிவேடு இந்தப் பாட்டுகள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பாடியவர்கள் எழுதத் தெரியாதவர்கள். ஒவ்வொரு கிழவியும் போகும்போது ஒரு பதிவேடு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் இவை நம் கைக்கு எப்படி வந்தன?

✽

1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சி. வி. வேலுப்பிள்ளை. இருபதை எட்டும் முன்பே, 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் எழுதிய இசை நாடகத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்த துணிச்சல்காரர். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தேர்ந்தெடுத்த மக்களே நாடற்றவர்களானார்கள்.

இந்த மனிதர் அரசியலோடும் தொழிற்சங்கத்தோடும் நிற்கவில்லை. தோட்டத்து மக்களின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை, சக்தீ அ. பாலையாவின் தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று 1969இல் வந்தது. லெனன் பாடிய அதே ஆண்டு. சேர்த்துவைத்த பாட்டுகள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக 1983இல் வெளியாயின. அந்த ஆண்டு ஜூலையில் மலைநாட்டின் நகரங்களிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அடுத்த ஆண்டு சி. வி. காலமானார். இன்னும் ஓரிரு ஆண்டு தாமதித்திருந்தால் அவர் கண்ணால் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பாட்டுகளைப் பழம்பொருளாக நினைத்துவிடக் கூடாது. கதையை விட்டு நம் காலத்துக்குக் கொஞ்சம் வந்து போவோம்.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. மலையைக் காட்டி அழுதவளின் பேத்தி ரயிலைக் காட்டி அழுதாள். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி. இதே காலத்தில் நாடு முழுவதும் தற்கொலை ஏறிக்கொண்டே போனது. 1950இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 6 என்றிருந்த விகிதம் 1995இல் 47ஆகி, உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக நின்றது. கொடிய விவசாய நஞ்சுகளின் இறக்குமதியை அரசு படிப்படியாக நிறுத்திய பிறகு, பத்தாண்டுக்குள் அந்த விகிதம் பாதியானது. உயிர் மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டமும் 1998இல் போனது.

இந்தப் புள்ளிவிவரம் எனக்குச் சொல்வது ஒன்றுதான். அந்த உயிர்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்க முடியும். ‘சாக நினைத்தவனை யார் தடுக்க முடியும்’ என்று லயத்திலும் ஊரிலும் சொல்வது உண்மை இல்லை. அந்த நினைப்பு வந்து போகிற ஒன்று. வந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதிருந்தால், பலர் பிழைத்து வாழ்கிறார்கள். இலங்கையில் சுமித்ரயோ என்ற அமைப்பு 1974 முதல் இந்தக் காதுகொடுக்கும் வேலையைச் செய்து வருகிறது. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. இதை வாசிக்கும் உங்களுக்கோ உங்கள் காம்பராவில் எவருக்கோ மனப்பாரம் தாங்க முடியாமல் இருந்தால், அல்லது குடியை விட நினைத்தும் முடியாமல் இருந்தால், இந்த வாரம் பேசுங்கள். ஒரேயடியாகக் குடியை நிறுத்தும்போது சிலருக்குக் கை நடுக்கமும் வலிப்பும் வரும். அதை வைராக்கியத்தால் மட்டும் தாண்ட முயலாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி.

பழைய தவறணைகளின் இடத்தில் இன்று மதுக்கடைகள் இருக்கின்றன. அதற்கும் காசில்லாதவனுக்குக் கள்ளச் சாராயமான கசிப்பு இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984இல் வந்தது. சம்பள நாள் மாலை இன்னும் முடியவில்லை.

✽

நாம் 1930களுக்குத் திரும்புவோம். ஏனென்றால் அங்கே பாட்டு தன் குணத்தையே மாற்றிக்கொண்டது.

உலக மந்தம் வந்தது. தேயிலை விலை விழுந்தது. 54 சதமும் நிலைக்கவில்லை, குறைத்தார்கள். தோட்டங்கள் மூடின, ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். இதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலைப்பாதையில் ஒரு புடவை வியாபாரி ஏறி வந்திருந்தார். தோளில் துணி மூட்டை. லயத்து வாசலில் மூட்டையை அவிழ்ப்பார், விலை பேசுவார், பேச்சோடு பேச்சாக வேறொன்றையும் சொல்லிவிட்டுப் போவார். சட்டம் உங்களுக்கும் இருக்கிறது. சங்கம் சேருங்கள்.

துரைக்கு விஷயம் எட்டியபோது மூட்டை அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும்.

அந்த வியாபாரி கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளின் ஆசிரியர். சட்டசபையில் இருந்தவர். வெளியார் நுழையக் கூடாத தோட்டங்களுக்குள் அவர் வேடமிட்டு நுழைந்த கதையை மலையகத்தில் இன்றும் சொல்கிறார்கள். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி ஹட்டனை மையமாக்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். 1937இல் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ எழுதினார். தொழிலாளியின் வாழ்க்கையை மேடையில் காட்டினால்தான் அவனுக்கே அது உறைக்கும் என்று அவர் கண்டுகொண்டது போலத் தெரிகிறது.

ஆனால் இந்த அத்தியாயத்தின் நாயகர் அவர் இல்லை. அவர் மனைவி மீனாட்சியம்மை.

மேடையில் ஒரு பெண் ஏறிப் பேசுவதே அதிசயமாக இருந்த நாளில் மீனாட்சியம்மை மேடையில் ஏறிப் பாடினார். மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளில் புதிய சொற்களை வைத்தார். அதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்தறியாதவனுக்குத் துண்டறிக்கை பயன்படாது. பிரசங்கம் ஒரு மணி நேரத்தில் காற்றோடு போகும். மெட்டு தெரிந்த பாட்டு அப்படியில்லை. கூட்டம் கலைந்து லயத்துக்குப் போகும் வழியிலேயே நாலு பேர் வாயில் ஏறிவிடும். மறுநாள் கொழுந்து மலையில் நாற்பது பேர். எந்தத் துரையாலும் அதைப் பறிமுதல் செய்ய முடியாது.

அதற்கு முன்னிருந்த பாட்டு விதியிடமும் மாரியம்மனிடமும் செத்துப்போன அண்ணனிடமும் பேசியது. மீனாட்சியம்மையின் பாட்டு மந்திரிமாரிடம் பேசியது, சட்டத்தைக் கேட்டது. ஒப்பாரியில் ‘நான்’ என்று அழுதவள், கூட்டத்தில் ‘நாம்’ என்று பாடப் பழகினாள். மனநோய்க்கு இதை மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் துயரத்துக்குக் காரணம் தன் தலைவிதி இல்லை, வெளியே இருக்கிற ஓர் ஏற்பாடு என்று ஒரு மனிதனுக்கு விளங்கும்போது அவன் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. சம்பள நாள் மாலையில் அவன் போவதற்கு ஹட்டன் கடைவீதியில் இப்போது தவறணையைத் தவிர இன்னோர் இடமும் இருந்தது. கூட்டம் நடக்கும் இடம். அங்கே அவன் மனைவியும் வரலாம்.

1939 வந்தது. அரசாங்க வேலைகளில் தினக்கூலி பெற்ற இந்தியரை நீக்க இலங்கை அரசு முடிவு செய்தது. பேச்சுக்கு நேரு வந்தார். பயனில்லை. ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குக் கூலி வேலைக்கு ஆள் வருவதை இந்திய அரசு தடை செய்தது. கடலின் இரு கரையிலும் கதவு அடைந்தது. ஊருக்குப் போனவர் திரும்ப முடியுமா, இங்கே இருப்பவர் இருக்க முடியுமா என்று லயங்கள் கலங்கிக் கிடந்தன. அந்தக் கலக்கத்தின் நடுவேதான் 1940இல் மீனாட்சியம்மையின் பாட்டுகள் அச்சேறின. நூலின் பெயர் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’.

அதே ஆண்டின் தொடக்கத்தில், ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். பொலிஸ் வந்து நின்றது. ஜனவரியில் துப்பாக்கி வெடித்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி விழுந்தார். தோட்டத்துக்குள் சங்கமே கூடாது என்று நின்ற துரைமார் சங்கம், ஆறே மாதத்தில் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டி வந்தது.

அந்த ஆறு மாதத்தில் நடந்தது என்ன? அடுத்த வாரம் முல்லோயாவுக்குப் போவோம்.